வான்கோழி வந்த வழி

என் வகுப்பு மாணவன் ஒருவன் ஒருநாள் கேட்டான்: "சார், வான்கோழியை மலாய்க்காரர்கள் ஆயாம் பெலாண்டா என்கிறார்களே, அது டச்சுக்காரர் நாட்டுக் கோழியா?"

நல்ல கேள்வி. ஆங்கிலேயர் அதை 'டர்க்கி' என்றார்கள். துருக்கியரோ 'ஹிந்தி', அதாவது இந்தியப் பறவை என்றார்கள். போர்த்துக்கீசியர் 'பெரு' என்றார்கள். ஆளுக்கொரு நாட்டைக் காட்டினார்களே தவிர, அது பிறந்த நாட்டை யாரும் சொல்லவில்லை.

அதன் தாயகம் அமெரிக்கக் கண்டம். ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்பே மெக்சிகோவின் பழங்குடி மக்கள் காட்டு வான்கோழியைப் பிடித்துப் பழக்கி, இறைச்சிக்கும் இறகுக்கும் வளர்த்தார்கள். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பானியர் அதைக் கப்பலேற்றி ஐரோப்பாவுக்குக் கொண்டு போனார்கள். 1612இல் முகர்ரப் கான் என்ற அதிகாரி கோவாவிலிருந்து ஒரு வான்கோழியை மொகலாயப் பேரரசர் ஜஹாங்கீருக்குக் கொண்டுவந்தார். பேரரசர் அதிசயித்து, தம் ஓவியர் மன்சூரை வரையச் சொன்னார். அந்தப் படம் இன்றும் இலண்டன் அருங்காட்சியகம் ஒன்றில் இருக்கிறது.

"மூதுரையிலேயே மயிலைப் பார்த்து வான்கோழி ஆடுகிறதே!" என்பீர்கள். அந்தப் பாட்டு ஸ்பானியர் கப்பலுக்கு முற்பட்டதென்றால், அதிலுள்ள பறவை வேறாகத்தான் இருக்க வேண்டும். பழைய பெயரைப் புதிய பறவைக்கு நாம் சூட்டிவிட்டோம்.

நம் பால்மரமும் அப்படி வந்ததுதான். பிரேசில் நாட்டு விதையில் முளைத்த கன்றுகள் 1877இல் மலாயாவுக்கு வந்தன. ஆனால் சாதாரணக் கோழி இந்தப் பக்கத்துப் பறவை. அதன் மூதாதையான காட்டுக்கோழி தென்கிழக்காசியக் காடுகளுக்கு உரியது.

உலகின் இரு கோடியில் பிறந்த இந்த இரண்டையும் ஒரே கூண்டில் அடைத்தால் என்னவாகும்? என் அனுபவத்தைச் சொல்கிறேன். தோட்டத்தில் ஒரு கோழியை ஆறு வான்கோழி முட்டைகள்மேல் அடைகாக்க வைத்தேன். இருபத்தெட்டாம் நாள் ஐந்து குஞ்சுகள் பொரித்தன. தீபாவளிச் செலவுக்கு ஆகும் என்று வீட்டில் எல்லாருக்கும் மகிழ்ச்சி. குஞ்சுகள் தாய்க்கோழியோடு லயத்து முற்றத்தில் மேய்ந்தன. சில வாரங்களில் ஒவ்வொன்றாகத் தலை தொங்கி, மஞ்சளாகக் கழிந்து இறந்தன. கண் பட்டுவிட்டது என்றார்கள் பக்கத்து வீட்டார். நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அதற்குக் கருந்தலை நோய் என்று பெயர். கோழியின் குடற்புழு முட்டைகளில் அந்த நோய்க்கிருமி ஒளிந்திருக்கும். கோழிக்கு அதனால் பெரும்பாலும் பெரிய தீங்கில்லை, வான்கோழியையோ கொன்றுவிடும். அந்தப் புழு முட்டைகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

ஆகவே, வான்கோழி வளர்க்க விரும்பும் தாய்மார்களே, குஞ்சுகளைக் கோழியோடு விடாதீர்கள். கோழி மேய்ந்த தரையிலும் விடாதீர்கள். கால் நட்டு உயர்த்திய பலகைக் கூண்டு கட்டி, எச்சம் கீழே விழும்படி இடைவெளி விடுங்கள். ஈரம் படாமல் காப்பாற்றுங்கள். குஞ்சு சோர்ந்தால் கால்நடை இலாகாவில் கேளுங்கள். கண்ணேறு கழித்துக் காலம் கடத்தாதீர்கள்.