ஒரே தவணைத் தடுப்பூசி: யாருக்கு உரியது, யாருக்கு உரியதன்று?

(நமது ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் ஆற்றப்பெற்ற மருத்துவ விழிப்புணர்வு உரையின் எழுத்து வடிவம்)

 

ஜும்ஆ தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்தபோது பெரியவர் ஒருவர் நம்மிடம் வினவினார்: “கொரோனா ஊசி இரத்தத்தை உறையச் செய்யும் என்று அந்தக் கம்பெனியே ஒப்புக்கொண்டுவிட்டதாமே! இனி என் பேரனுக்குத் தட்டம்மை ஊசி மட்டும் எதற்கு?” அக்கேள்வியில் அறியாமையைவிட அச்சமே மிகுந்திருந்தது. அச்சம் கொண்டவரை ஏளனம் செய்வது முறையன்று. உண்மையை உள்ளவாறு எடுத்துரைப்பதே கடமை. அதற்காகவே இந்த வாய்ப்பைப் பயன்படுத்திக்கொள்கிறோம்.

பெரியவர் சுட்டிய ஊசி ‘வைரஸ் வாகன’ வகையைச் சார்ந்தது. தீங்கற்றதாக மாற்றப்பட்ட ஒரு வைரஸை வாகனமாகக் கொண்டு, நோய்க்கிருமியின் ஒரு சிறு பகுதிக்கான மரபுச் செய்தியை மட்டும் உடலுக்குள் அனுப்புவதே இதன் முறை. முழுக் கிருமி உள்ளே செல்வதில்லை. அச்செய்தியைக் கொண்டு உடல் அச்சிறு பகுதியைத் தானே உருவாக்கி, அதனை எதிர்க்கவும் கற்றுக்கொள்கிறது. இவ்வகையில் ஒரே தவணையோடு நிறைவு பெறும் ஊசிகளும் உள்ளன. அவற்றுள் இரண்டின் வரலாற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம். பெரியவரின் கேள்விக்கான விடை அவற்றில் இருக்கிறது.

முதலாவது, எபோலா நோய்க்கான ‘எர்வெபோ’ என்னும் ஊசி. 2013-ஆம் ஆண்டின் இறுதியில், முஸ்லிம்கள் பெரும்பான்மையினராக வாழும் மேற்கு ஆப்பிரிக்க நாடாகிய கினியாவில் எபோலா தோன்றியது. அண்டை நாடுகளான சியரா லியோன், லைபீரியா ஆகியவற்றையும் சூழ்ந்து 11,300-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. இந்நோய் கண்டவர்களில் சராசரியாகப் பாதிப்பேர் இறந்துவிடுகின்றனர். மய்யித்தைக் குளிப்பாட்டிய உறவினர்களுக்கும் நோய் தொற்றியது. ஆதலின் 2014 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம், இஸ்லாமிய, கிறிஸ்தவத் தொண்டு அமைப்புகளையும் கலந்து, பாதுகாப்பும் கண்ணியமும் கொண்ட நல்லடக்க முறையை வகுத்தது. முஸ்லிம் மய்யித்துகளுக்குக் குளிப்பாட்டுவதற்குப் பதிலாகத் தயம்மும் செய்யும் முறை அதில் இடம்பெற்றது.

2015-இல் கினியாவில் எர்வெபோ சோதிக்கப்பட்டது. நோயாளியுடன் பழகியவர்களையும், அவர்களுடன் பழகியவர்களையும் ஒரு வளையமாகக் கொண்டு ஊசி போட்டனர். மொத்தம் 5,837 பேர் போட்டுக்கொண்டனர். உடனடியாக ஊசி போடப்பட்ட வளையங்களில், பத்து நாட்கள் கடந்த பின்னர் ஊசி பெற்ற எவருக்கும் எபோலா வரவில்லை.

இதற்குப் பக்கவிளைவு இல்லையா? இருந்தது, அதனை மறைக்கவும் இல்லை. போட்டுக்கொண்டவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குத் தலைவலி, அசதி, தசைவலி போன்ற ஏதேனும் ஓர் உபாதை இரு வாரங்களுக்குள் ஏற்பட்டது. கடுங்காய்ச்சல் ஒருவருக்கும், கடும் ஒவ்வாமை ஒருவருக்கும் உண்டாயின. இருவரும் நலம் பெற்றனர். இந்த ஊசியில் அரிசியிலிருந்து எடுக்கப்படும் புரதத்தின் நுண்ணிய அளவு இருக்கக்கூடும். ஆதலால் அரிசிப் புரதத்தால் கடும் ஒவ்வாமை அடைந்தவர்களுக்கு இது விலக்கப்பட்டுள்ளது.

தகுதி பற்றிய செய்தி இன்னும் கவனத்திற்குரியது. இதில் வாகனமாகும் வைரஸ் உயிருள்ளது என்பதால், கினியாச் சோதனையில் கர்ப்பிணிகள் விலக்கப்பட்டனர். 2018-இல் காங்கோ ஜனநாயகக் குடியரசின் கிழக்குப் பகுதியில் மீண்டும் எபோலா பரவியபோதும் முதலில் அவர்களுக்கு ஊசி மறுக்கப்பட்டது. ஆனால் கர்ப்பிணிக்கு எபோலா கண்டால் தாய் பிழைப்பது அரிது. வயிற்றுச் சிசு பிழைப்பது அதனினும் அரிது. இதனை எடைபோட்ட வல்லுநர்கள், 2019-இல் நோய் பரவும் இடத்தில் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் இதனை வழங்கலாம் எனப் பரிந்துரைத்தனர். ஊசியில் எந்த மாற்றமும் இல்லை. எதிரே நின்ற ஆபத்தை எடைபோட்ட விதமே மாறியது.

இரண்டாவது, கொரோனாவுக்கான ‘ஜான்சன்’ ஊசி. 2021 பிப்ரவரி 27-இல் அமெரிக்காவில் 18 வயது நிரம்பியோருக்கு அவசரகால அனுமதி பெற்றது. அதே ஆண்டில் சவூதி அரசு ஏற்றுக்கொண்ட ஊசிகளின் பட்டியலிலும் இடம்பெற்றது. ஆகஸ்டில் இந்தியாவும் அனுமதி அளித்தது. ஆயினும் நம் நாட்டுத் தடுப்பூசி இயக்கத்தில் அது பயன்படுத்தப்படவில்லை. அயல்நாட்டில் வாழும் நம் பிள்ளைகள் சிலர் அதனைப் போட்டிருக்கக்கூடும்.

சுமார் 44,000 பேரிடம் நடந்த சோதனையில், ஊசி போட்டு 28 நாட்களுக்குப் பின் கடுமையான நோயை அது ஏறத்தாழ 85 விழுக்காடு தடுத்தது. ஊசி போட்ட இடத்தில் வலி ஏறக்குறைய பாதிப்பேருக்கும், தலைவலியும் அசதியும் பத்தில் நால்வருக்கும், காய்ச்சல் நூற்றுக்கு ஒன்பது பேருக்கும் வந்தன. இவை ஓரிரு நாட்களில் நீங்கின.

பின்னர், சோதனையில் தெளிவாகப் புலப்படாத ஓர் அரிய தீங்கு வெளிப்பட்டது. இரத்தம் உறைதலும், அதே வேளையில் தட்டணுக்கள் குறைதலும் சேர்ந்து வரும் நோய் அது. 68 லட்சம் தவணைகள் போடப்பட்டிருந்த நிலையில், 18 முதல் 48 வயதுக்குட்பட்ட ஆறு பெண்களிடம் அது காணப்பட்டது. ஆறே பேர்தானே என்று எவரும் அலட்சியம் செய்யவில்லை. 2021 ஏப்ரல் 13-இல் அமெரிக்க அதிகாரிகள் ஊசியை நிறுத்திவைக்கச் சொன்னார்கள். இரத்த உறைவுக்கு வழக்கமாகக் கொடுக்கும் ‘ஹெப்பாரின்’ மருந்தை இந்நோய்க்குக் கொடுத்தல் ஆகாது என்பதை மருத்துவர்கள் அனைவருக்கும் அறிவித்தார்கள். பத்து நாட்களுக்குப் பின், எச்சரிக்கையுடன் ஊசி மீண்டும் தொடங்கியது. நரம்புகளைத் தாக்கும் ‘கில்லன்–பாரே’ நோய் பற்றிய எச்சரிக்கை ஜூலையில் சேர்க்கப்பட்டது.

2022 மே மாதக் கணக்கின்படி, ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் தவணைகளில் 60 பேருக்கு இந்த உறைவு நோய் உறுதியாயிற்று. அவர்களில் ஒன்பது பேர் இறந்தனர். பத்து லட்சம் தவணைக்கு மூவருக்குச் சற்று மேல் என்பது பொதுவான விகிதம். 30 முதல் 49 வயதுப் பெண்களிடையே அது சுமார் எட்டாக இருந்தது. அதற்குள் இத்தீங்கு இல்லாத வேறு கொரோனா ஊசிகள் அங்கே தாராளமாகக் கிடைத்தன. ஆகவே, மற்ற ஊசிகளைப் போட இயலாதவர்களுக்கும், இதனை மட்டுமே விரும்புவோர்க்கும் என்று தகுதி சுருக்கப்பட்டது. 2023 ஜூனில், நிறுவனத்தின் வேண்டுகோளின்படி அனுமதியே விலக்கிக்கொள்ளப்பட்டது.

அன்பிற்குரியோரே! இவ்விரு வரலாறுகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். எபோலா ஊசிக்குத் தகுதியின் எல்லை விரிந்தது. ஜான்சன் ஊசிக்கு அது சுருங்கியது. இரண்டையும் நடத்திய தராசு ஒன்றே. ஒரு தட்டில் நோயின் ஆபத்து. மறுதட்டில் ஊசியின் தீங்கு. அதனுடன் வேறு வழி உண்டா என்னும் வினா. ஊசி நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. யாருக்கு, எந்த வயதில், எந்த நோய்க்கு எதிராக என்று கேட்டால்தான் விடை கிடைக்கும். பக்கவிளைவு அறிவிக்கப்பட்டது என்பது கண்காணிப்பு நடக்கிறது என்பதற்குச் சான்று. நாம் ஏமாற்றப்பட்டோம் என்பதற்குச் சான்றன்று.

இனிப் பெரியவரின் கேள்விக்கு வருவோம். அவர் குறிப்பிட்டது நம்மில் மிகப்பலர் இரு தவணைகளாகப் போட்டுக்கொண்ட கோவிஷீல்டு ஊசியை. அதுவும் வைரஸ் வாகன வகையே. 2024-இல் வெளிவந்த நீதிமன்றச் செய்தி புதிய கண்டுபிடிப்பு அன்று. 2021 மே மாதத்திலேயே நம் நடுவண் அரசின் ஆய்வுக்குழு, இரத்த உறைவு எனக் கருதத்தக்க 26 நிகழ்வுகளை, அதாவது பத்து லட்சம் தவணைக்கு 0.61 என்று அறிவித்திருந்தது. இந்த அரிய உறைவு நோய் பெரும்பாலும் ஊசி போட்ட நான்காம் நாளுக்கும் ஆறாம் வாரத்திற்கும் இடையே தோன்றுவது. ஆண்டுகள் பல கடந்தபின் அதனை எண்ணி உறக்கம் இழக்கத் தேவையில்லை.

குழந்தைகளுக்கான தட்டம்மை–ருபெல்லா ஊசியோ முற்றிலும் வேறு முறையில் ஆனது. அதில் இருப்பது வலுவிழக்கச் செய்யப்பட்ட அந்நோய்களின் கிருமிகளே. ஒரு வாகனத்தில் குறை கண்டால் எல்லா வாகனங்களையும் விலக்குவோர் உண்டா? 2017-இல் நம் மாநிலத்தில் இவ்வூசி முகாம் நடந்தபோது பரவிய வதந்திகளை நீங்கள் அறிவீர்கள். வதந்தியைப் பரப்பியவர் எவரும், தட்டம்மையால் துன்புறும் குழந்தையின் அருகில் வந்து அமர்வதில்லை.

ஊசியில் கலந்துள்ள பொருள்கள் குறித்து மார்க்க ஐயம் எழுவதும் இயல்பே. ஐக்கிய அரபு அமீரகத்தின் ஃபத்வா மன்றம் 2020 டிசம்பரில், விலக்கப்பட்ட பொருள் கலந்திருப்பினும், மாற்று இல்லாத நிலையில் உயிர் காக்கும் தடுப்பூசி கூடும் என்று தீர்ப்பளித்தது. மேலும் விளக்கம் வேண்டுவோர் நம் உலமாக்களை அணுகுக. கைப்பேசியில் வரும் பெயரற்ற செய்திகளை அன்று.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டுக்குச் செல்லும் வழியில் அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதைக் கேள்வியுற்றார்கள். தோழர்களைக் கலந்தாலோசித்து, மக்களை அழைத்துக்கொண்டு திரும்பினார்கள். முன்னெச்சரிக்கை தவக்குலுக்கு முரணானதன்று என்பதற்கு இது சிறந்த முன்மாதிரி. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்புதலே நாம் கற்ற பாடம்.

நிறைவாகச் சில வேண்டுகோள்கள். எந்த ஊசியாயினும், ஒவ்வாமை, கர்ப்பம், இரத்த உறைவு, உட்கொள்ளும் மருந்து ஆகியவற்றை முன்கூட்டியே செவிலியரிடம் சொல்லுங்கள். ‘வரிசை நீளுகிறது’ என்று மறைக்காதீர்கள். தகுதியைத் தீர்மானிக்க அவருக்கு இருக்கும் வழி உங்கள் சொல்தான். போட்டபின் அரைமணி நேரம் அங்கேயே அமர்ந்திருங்கள். சில நாட்கள் கழித்து நீங்காத கடுந்தலைவலி, மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, கால்வீக்கம், தொடர் வயிற்றுவலி, ஊசி போடாத இடங்களிலும் சிவப்புப் புள்ளிகள் ஆகியவை தோன்றினால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் சென்று, போட்ட ஊசியின் பெயரையும் நாளையும் தெரிவியுங்கள். அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். ஹஜ் செல்வோர் மூளைக்காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்திற்குப் பத்து நாட்களுக்கு முன்பாகவேனும் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்தப் பெரியவரிடம் இவற்றையெல்லாம் அமைதியாக எடுத்துச் சொன்னோம். “இதை முன்பே யாராவது சொல்லியிருக்கலாமே” என்றார். அச்சொல் நம் அனைவர் மீதும் உள்ள பொறுப்பாகும். எல்லாம் வல்ல அல்லாஹ் நம் மஹல்லாவின் குழந்தைகளையும் முதியோரையும் நோய்நொடியிலிருந்து காத்து, உண்மையைத் தேடி அறியும் நல்லறிவை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.