எழுதுகோலும் ஓர் உழவுக் கருவியே

(விழுப்புரம், திண்டிவனம் வட்டார உழவர்களுக்கான பயிற்சியில் உழவியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



விதை, உரம், நீர், களை ஆகியவை பற்றி நாம் பலமுறை பேசியிருக்கிறோம். இன்று வேறொரு பொருளை எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் விளைவித்த பொருளைப் பற்றி நீங்களே எழுதி, வாங்குவோருக்குத் தொடர்ந்து அறிவித்து வருவது எப்படி என்பதே அது. எழுத வல்ல நம் பிள்ளைகள் அதையே ஒரு துணைத் தொழிலாகக் கொள்வது பற்றியும் சொல்லப் போகிறேன்.

தர்பூசணி கற்பித்த பாடம்

2025 ஆம் ஆண்டுக் கோடையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தர்பூசணிக்குள் ஊசி மூலம் சிவப்பு நிறமி ஏற்றப்படுகிறது என்ற பேச்சு தமிழ்நாடு முழுவதும் பரவியது. நகர மக்கள் பழத்தை வாங்கத் தயங்கினர். விலை சரிந்தது, வியாபாரிகள் பின்வாங்கினர். திண்டிவனம், மரக்காணம் பகுதிகளில் தர்பூசணி பயிரிட்டோர் பட்ட துன்பம் உங்களுக்குத் தெரியும். உழவர்கள் போராடிய பிறகு விளக்கங்கள் வெளிவந்தன. ஆனால் தர்பூசணி இரண்டரை மாதப் பயிர். அறுவடைக் காலத்தில் சில வாரங்கள் விற்பனை நின்றுபோனால், பின்னர் வரும் விளக்கம் போட்ட முதலைத் திருப்பித் தராது.

பழத்தின் சிவப்பு நிறத்துக்குக் காரணம் லைகோபீன் என்னும் இயற்கை நிறமி. ஊசி துளைத்த காய் விரைவில் அழுகும். ஏற்றிய நிறமும் சதை முழுவதும் சீராகப் பரவாமல் ஓரிடத்தில் தேங்கும். இவற்றைப் பயிரிடுவோர் அறிவர், வாங்குவோர் அறியார். தரையில் படிந்த பகுதி மஞ்சளாகி, காம்பருகே உள்ள பற்றுக்கம்பி காய்ந்து, தட்டினால் மந்தமான ஒலி எழுந்தால் காய் முற்றியது என்று நாம் பார்த்துப் பறிப்பதையும் அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. ஆண்டுதோறும் நம்மிடமிருந்து இத்தகைய குறிப்புகளைப் படித்துப் பழகிய நூறு குடும்பங்கள் இருந்திருந்தால், வதந்தி வந்த அன்றே அவர்கள் நம்மிடம் கேட்டிருப்பார்கள். நம்பிக்கையும் ஒரு பயிரே. தேவைப்படும் நாளுக்கு முன்பே அதை விதைத்திருக்க வேண்டும்.

முன்னோர் கண்ட வழி

இது புதிய முறையன்று. அமெரிக்காவில் உழவுக் கருவிகள் செய்யும் ஜான் டியர் நிறுவனம் 1895 ஆம் ஆண்டில் 'தி ஃபர்ரோ' என்னும் இதழைத் தொடங்கியது. உழவருக்குப் பயன்படும் செய்திகளைத் தந்து அவர்களின் நன்மதிப்பைப் பெற்றது. அவ்விதழ் நூறு ஆண்டுகளைக் கடந்து நடந்து வருகிறது.

நிலக்கடலை பயிரிடும் நமக்கு ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் இன்னும் நெருக்கமானவர். அடிமைக் குடும்பத்தில் பிறந்து வேளாண் விஞ்ஞானியான அவர், அலபாமா மாநிலத்தின் டஸ்கிகீ கல்லூரியில் பணியாற்றினார். பருத்தியைக் காய்க்கூன்வண்டு அழித்துவந்த காலத்தில், 1916 ஆம் ஆண்டில், நிலக்கடலை பற்றி ஒரு சிறு வெளியீட்டை எழுதினார். பயிரிடும் முறையோடு, கடலையைச் சமைக்கும் 105 வழிகளும் அதில் இருந்தன. விளைவிப்பவருக்கும் உண்பவருக்கும் சேர்த்து எழுதினார் என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

நம் நாட்டிலும் சான்று உண்டு. 1960களில் ஏ.டி.டி. 27 நெல் ரகம் வானொலி உழவர் நிகழ்ச்சிகள் மூலம் பரவியதால், தஞ்சைப் பகுதி மக்கள் அதை 'ரேடியோ நெல்' என்றே அழைத்தனர். செய்தி சென்ற வழியே விதையின் பெயராயிற்று.

எதை எழுதுவது?

"எழுத என்ன இருக்கிறது?" என்று சிலர் கேட்கலாம். நிலக்கடலையையே எடுத்துக்கொள்வோம்.

1. ரகம்: டி.எம்.வி. என்ற எழுத்துகள் நமது திண்டிவனத்தைக் குறிப்பவை. இங்குள்ள ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1940 இல் டி.எம்.வி. 2, 1967 இல் டி.எம்.வி. 7 ஆகிய ரகங்கள் வெளிவந்தன. நீங்கள் விதைத்த ரகம் எது, அதை ஏன் தேர்ந்தீர்கள் என்று எழுதலாம்.

2. சாகுபடி: மண் அணைக்கும்போது ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இடுகிறோம். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் கந்தகமும் காய் திரளவும் எண்ணெய்ச் சத்துக்கும் உதவுகின்றன. நகரத்தார்க்கு இது புதிய செய்தி.

3. உலர்த்தல்: ஈரம் மிகுந்த கடலையில் பூசணம் பிடித்தால் அஃப்ளடாக்சின் என்னும் நச்சு உண்டாகலாம். எத்தனை நாள் காயவைத்தீர்கள், பழுதுபட்ட பருப்பை எவ்வாறு நீக்கினீர்கள் என்பதைச் சொல்லுங்கள்.

4. அளவும் விலையும்: உங்கள் செக்கில் எத்தனை கிலோ பருப்புக்கு ஒரு லிட்டர் எண்ணெய் கிடைக்கிறது என்று அளந்து எழுதுங்கள். எண்ணெயின் விலை ஏன் அவ்வளவு என்ற கேள்விக்கு அந்தக் கணக்கே விடை.

5. கெட்ட செய்தி: 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலின்போது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. இத்தகைய காலத்தில் "இம்முறை வரத்து குறையும், தாமதமாகும்" என்று முன்கூட்டியே எழுதுபவரிடம் வாடிக்கையாளர் தங்குவர்.

எப்படி எழுதுவது?

ஒரு குறிப்பில் ஒரு பொருளை மட்டும் சொல்லுங்கள். நாள், எடை, விலை ஆகியவற்றை எண்களில் தாருங்கள். 'மிகச் சிறந்த', 'ஈடு இணையற்ற' போன்ற சொற்களைத் தவிருங்கள். ஒரு மாதிரியைக் கேளுங்கள்:

"எங்கள் நிலம் திண்டிவனம் வட்டத்தில் உள்ளது. மார்கழியில் விதைத்துச் சித்திரையில் பிடுங்கிய கடலை இது. நன்கு காயவைத்து, சுருங்கிய பருப்பையும் பூசணம் பட்ட பருப்பையும் கையால் பொறுக்கி நீக்கினோம். இம்மாதம் 5 ஆம் தேதி செக்கில் ஆட்டினோம். அடியில் சிறிது கசடு தங்கலாம். அது கலப்படம் அன்று. சென்ற முறையைவிட லிட்டருக்கு 10 ரூபாய் கூடியிருக்கிறது. கடலை விலை ஏறியதே காரணம்."

இவ்வளவு போதும். இதைத் துண்டுத்தாளில் அச்சிட்டுப் பொருளோடு வைக்கலாம். வாட்ஸ்அப் மூலம் அனுப்பலாம். உழவர் சந்தைக் கடையில் எழுதித் தொங்கவிடலாம். மாதம் இருமுறை, குறித்த நாளில், தவறாமல் வரவேண்டும். ஒரு மாதம் பத்து எழுதிவிட்டு ஆறு மாதம் ஓய்ந்திருப்பதில் பயனில்லை. பண்ணைக் குறிப்பேட்டில் அன்றாடம் இரண்டு வரி எழுதி வந்தால், மாதக் குறிப்புக்கு அரைமணி நேரம் போதும்.

எல்லை மீறாதீர்

இந்த எண்ணெய் சர்க்கரை நோயைத் தீர்க்கும், இந்த அரிசி இதய நோயை அண்டவிடாது என்றெல்லாம் எழுதாதீர்கள். உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம், 2006 இன்படி, மக்களைத் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு. சான்று பெறாமல் 'இயற்கை வேளாண் சான்று பெற்றது' என்றும், பரிசோதிக்காமல் 'நச்சு அறவே இல்லை' என்றும் எழுதுவது கூடாது. நீங்கள் செய்ததை மட்டும் எழுதினால் எவருக்கும் அஞ்ச வேண்டியதில்லை.

எழுத்தைத் தொழிலாகக் கொள்வோருக்கு

எல்லோராலும் எழுத இயலாது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், செக்கு ஆலை, நாற்றங்கால், விதைக்கடை ஆகியவற்றுக்கு எழுதித் தர ஆள் தேவைப்படுகிறது. படித்துவிட்டு ஊரிலிருக்கும் நம் பிள்ளைகளுக்கு இது ஏற்ற வேலை. நகரத்து எழுத்தாளருக்கு மானாவாரிக்கும் இறவைக்கும் வேறுபாடு தெரியாது. உங்கள் மகளுக்குத் தெரியும்.

கூலியைப் பக்கக் கணக்கில் மட்டும் பேசாதீர்கள். வயலைப் பார்த்து விசாரிக்க அரை நாள், எழுத ஒரு நாள், திருத்த அரை நாள் ஆகுமானால், அது இரண்டு நாள் வேலை. போக்குவரத்துச் செலவு தனி. எத்தனை கட்டுரை, எந்தத் தேதிக்குள், எத்தனை முறை திருத்தம், முன்பணம் எவ்வளவு, யார் பெயரில் வெளிவரும் என்பவற்றைத் தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள்.

எழுத்தின் உரிமையையும் அறிந்துகொள்ளுங்கள். பதிப்புரிமைச் சட்டம், 1957 இன்படி, சம்பளத்துக்குப் பணிபுரியாமல் தனியாக எழுதித் தருபவரே எழுத்தின் முதல் உரிமையாளர். உரிமையை மாற்றித் தருவதானால் அது எழுத்து மூலம் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் அந்த மாற்றம் 5 ஆண்டுகளுக்கே செல்லும். புகைப்படத்துக்கு விதி வேறு: பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவருக்கே உரிமை சேரும், வேறுவிதமாக ஒப்பந்தம் செய்திருந்தால் ஒழிய. நிலக் குத்தகைக்குச் சீட்டு எழுதும் நாம் எழுத்துக்கும் எழுதுவதே முறை.

பெருமக்களே, விற்பனைக் கூடத்தில் மூட்டையைக் கொட்டியதும் நம் கடலை மற்றவர் கடலையோடு விலை பேசப்படுகிறது. அங்கே யார் விளைவித்தது, எப்படிக் காயவைத்தது என்று கேட்பவர் குறைவு. ஆகவே முழு விளைச்சலையும் நேரடி விற்பனைக்கு ஒதுக்கிவிட வேண்டாம். இந்தப் பட்டத்தில் இரண்டு மூட்டையை மட்டும் தனியே எடுத்து வையுங்கள். அவற்றை வாங்குவோரின் பெயர்களை ஒரு நோட்டில் குறியுங்கள். ஒவ்வொருவருக்கும் பொருளோடு ஒரு குறிப்பும் செல்லட்டும். ஓராண்டு கழித்து, மீண்டும் கேட்டு வந்தவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கையைக் கொண்டு அடுத்த ஆண்டு எத்தனை மூட்டை ஒதுக்கலாம் என்பதை முடிவு செய்யுங்கள்.