ஏரியும் காடும் சேர்ந்த ஊர்

(நமது கல்லூரி முன்னாள் மாணவர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் செய்து, "ஏதாவது டெக்னிக்கலா பேசுப்பா" என்றார். "சார், ஒரு ஊரைப் பத்திப் பேசட்டுமா? ஏற்காடு" என்றேன். "உங்க பேட்ச் டூர் போச்சே, அந்த ஊரா?" என்று சிரித்தார். ஆமாம், அதே ஊர்தான். மூன்றாம் ஆண்டில் பஸ் பிடித்துப் போனோம். சேலத்திலிருந்து ஏறும் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதிப் பேர் வாந்தி எடுத்தோம். ஏரியில் படகு ஓட்டினோம், மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டோம், இறங்கி வந்துவிட்டோம். ஏற்காட்டைப் பார்த்தாயிற்று என்றுதான் நினைத்தேன். பார்க்கவே இல்லை என்று புரிய எனக்குப் பல வருஷம் ஆயிற்று.

சேர்வராயன் மலைமேல், கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது இந்தச் சிற்றூர். ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடு ஆனது என்று சொல்வார்கள். ஊரின் நடுவே ஏரி. அதைச் சுற்றியுள்ள சரிவுகளில் சில்வர் ஓக் மரங்கள், அவற்றின் மேல் ஏறும் மிளகுக் கொடி, நிழலில் காபிச் செடி. ஏரி நிரம்பி வழிந்தால் அந்த உபரி நீர்தான் கிளியூர் அருவியாக விழுகிறது.

இந்த மலையின் பூர்வ குடிகள் மலையாளிகள். கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர் அது, பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று மூன்று சகோதரர்கள் புறப்பட்டு வந்ததாகவும், மூத்தவர் சேர்வராயன் மலையிலும் மற்ற இருவர் பச்சைமலையிலும் கொல்லிமலையிலும் குடியேறியதாகவும் அவர்களிடையே ஒரு கதை வழங்குகிறது. பச்சைமலை எது? நம் துறையூருக்குப் பக்கத்தில் இருக்கிறதே, அதேதான். அதாவது ஏற்காட்டுக்காரர்கள் நமக்குப் பங்காளி முறை! இன்று தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்டவை இரண்டே சட்டமன்றத் தொகுதிகள்: ஏற்காடும் சேந்தமங்கலமும். 2008 தொகுதி மறுவரையறை வரை நம் பக்கத்து உப்பிலியபுரமும் அந்தப் பட்டியலில் இருந்தது.

மலை உச்சியில் ஒரு குகைக் கோயில். குனிந்துதான் உள்ளே போக வேண்டும். சேர்வராயனுக்குப் பக்கத்தில் இருப்பது யார் தெரியுமா? காவேரியம்மன். முதல்முறை பார்த்தபோது, ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் படித்துறையில் வளர்ந்த எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. 'இவ்வளவு உயரத்தில் காவேரிக்கு என்ன வேலை?' என்று யோசித்தேன். பிறகு மேப்பை விரித்துப் பார்த்தேன். இந்த மலையில் பிறக்கும் சரபங்காவும் திருமணிமுத்தாறும் கீழே போய்க் காவேரியில்தான் சேர்கின்றன. சேருமிடம் நமக்கு மேற்கே, மேட்டுப் பக்கம். அந்தத் தண்ணீர்தான் முக்கொம்பு தாண்டி நம்ம ஊருக்கு வருகிறது. மலைவாசிகள் சாமியாக வைத்துக் கும்பிட்ட விஷயத்தை நான் மேப்பைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

வெள்ளைக்காரர் காலத்துக்கு வருவோம். 1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்பவர் இங்கே காபி பயிரிட்டார். பேரிக்காய் போன்ற பழ மரங்களையும் கொண்டுவந்தார். தோட்டங்கள் பெருகின, பங்களாக்கள் வந்தன, 1917-ல் மான்ஃபோர்ட் பள்ளி வந்தது. தோட்டம் விரிய விரிய, சாமையும் தினையும் விதைத்த மலையாளிகள் ஓரத்துக்கு நகர்ந்தார்கள். பலர் தங்கள் மலையிலேயே கூலிக்குக் காபிப்பழம் பறிக்கும்படி ஆயிற்று. ஊரின் சரித்திரம் என்று பங்களாக்களின் சரித்திரத்தை மட்டும் சொன்னால் அது பாதிக் கதைதான்.

ஆனால் வந்தவர்களில் நம் நன்றிக்கு உரியவர்களும் உண்டு. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு பைபிளைத் தமிழாக்கிய பீட்டர் பெர்சிவல் 1882-ல் காலமானது ஏற்காட்டில்தான். அவருடைய மருமகன் ராபர்ட் புரூஸ் ஃபுட், 1863-ல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்து, இந்த நாட்டு மனிதனின் வயதையே பின்னோக்கித் தள்ளியவர். திருச்சி, சேலம் மாவட்டங்களின் நில அமைப்பை வில்லியம் கிங்குடன் சேர்ந்து ஆராய்ந்து எழுதியவரும் அவரே. ஓய்வுபெற்ற பிறகு ஏற்காட்டில் வாழ்ந்தார். பாறையைப் படித்த மனிதர் கடைசியில் தங்கிய இடம் இந்தப் பாறை மேல்தான்.

பாறையைச் சரியாகப் படிக்காத ஒரு மனிதனின் கதையை இப்போது சொல்கிறேன். அது நான்தான்.

சில வருஷங்களுக்கு முன் ஏரிக்கு மேலே உள்ள சரிவில் ஒரு தங்கும் விடுதி கட்டும் வேலை எனக்கு வந்தது. சொந்தமாகத் தொழில் தொடங்கிய புதிது. ஏப்ரல் மாதம் போய் மண் பரிசோதனை செய்தோம். காய்ந்து கிடந்தது. காகிதம் எல்லாம் சரியாக இருந்தது. அங்கே வேலை செய்த மலையாளிப் பெரியவர் ஒருவர், நான் செப்டிக் டேங்குக்குக் குறித்த இடத்தைக் காட்டி, "சார், இங்க ஊத்து இருக்குதுங்க. ஐப்பசியில ஒருதரம் வந்து பாருங்க" என்றார். "டெஸ்ட்டுல தண்ணியே இல்லீங்களே பெரியவரே" என்று சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை.

ஐப்பசி வந்தது. மழை பிடித்துக்கொண்டது. ஊற்று கிளம்பியது. தடுப்புச் சுவரில் தண்ணீர் வடியும் துளைகளைப் பேருக்கு நாலு வைத்திருந்தேன். சுவருக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி, சுவர் வயிறு தள்ளி, ஓர் இரவில் சரிந்தது. டேங்க் விரிசல் விட்டு, கழிவு ஓடை வழியே இறங்கியது. அந்த ஓடையில்தான் கீழ்வீட்டுப் பெண்கள் குடத்தில் தண்ணீர் எடுப்பார்கள். யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை, கடவுள் புண்ணியம். ஆனால் வெறும் குடத்தோடு நின்ற ஒரு அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

தேங்கிய தண்ணீர் சுவரைத் தள்ளும் என்பது நமக்கு மூன்றாம் ஆண்டுப் பாடம். பரீட்சையில் நல்ல மார்க் வாங்கிய பாடம். கோடையில் காயும் ஊற்று மழையில் பேசும் என்பது மட்டும் எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கண்ணில் படவில்லை. அது அந்தப் பெரியவரிடம் இருந்தது.

அவரிடமே போய், "ஊத்து எந்த வழியா வருது, காட்டுங்கய்யா" என்று கேட்டேன். கோபிக்காமல் மழையில் நனைந்தபடி கூடவே நடந்து, மரத்துக்கு மரம் காட்டினார். டேங்கை ஓடையை விட்டுத் தள்ளி மாற்றினேன். ஊற்றின் பாதையில் கருங்கல் நிரப்பி வடிகால் போட்டேன். சுவரை உயரம் குறைத்து, இரண்டு படியாக, போதிய துளைகளோடு மறுபடி கட்டினேன். என் கட்டணம் முழுவதும் அதிலேயே போயிற்று. உரிமையாளருக்கு என் மேல் வருத்தம்தான், நியாயம்தானே. ஆனால் அடுத்த ஐப்பசியில் சுவர் நின்றது. ஓடை தெளிவாக ஓடியது. பெரியவர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்து, "இப்ப மூச்சு விடுதுங்க" என்றார். இதுவரை நான் வாங்கிய சர்டிபிகேட்டுகளில் அதுதான் பெரிசு.

மாணவத் தம்பி தங்கைகளே, ஏற்காடு சின்ன ஊர். ஏரியும் சின்னது. அதனால்தான் கவலை. மேல் சரிவில் ஒவ்வொருவரும் செய்யும் தப்பு நேராகக் கீழேதான் வரும். கோடை விழாவுக்கு மலர்க்கண்காட்சி பார்க்க ஏறும் கூட்டத்துக்கு அறைகள் வேண்டும்தான். நானே கட்டிக் கொடுக்கிறேன். கட்ட வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாயில்லை. மழைக்காலத்தில் ஒருமுறை போய்ப் பார்க்காமல் மலையில் கோடு போடாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கோடு போடுமுன் அங்கேயே பிறந்தவர் ஒருவரிடம் கேளுங்கள். அவர் சொல்வது உங்கள் டெஸ்ட் ரிப்போர்ட்டுக்கு முரணாக இருந்தால், இன்னொரு டெஸ்ட் எடுங்கள்.

ஒரு விண்ணப்பத்தோடு முடிக்கிறேன். இறுதியாண்டு மாணவர்கள் பத்துப் பேர் வரும் ஐப்பசியில் என்னோடு ஏற்காடு வரட்டும். ஏரியைச் சுற்றியுள்ள ஊற்றுகளை ஊர்க்காரர்களைக் கேட்டு வரைபடத்தில் குறிப்போம். அதை ஊராட்சியிடம் கொடுப்போம். பஸ் செலவும் சாப்பாட்டுச் செலவும் என்னுடையது. வாந்தி எடுக்காதவர்களுக்கு முன்னுரிமை!

ஆடிப்பெருக்கன்று அம்மா மண்டபத்தில் நம் வீட்டுப் பெண்கள் காவேரிக்குப் பூவும் காதோலை கருகமணியும் விடுகிறார்கள். அந்தக் காவேரிக்கு மேலே ஒரு மலையில், ஒரு குகையில் இன்னொரு வீடு இருக்கிறது. அங்கிருந்து வரும் தண்ணீரைக் கெடுக்காமல் அனுப்புவதில் நமக்கும் பங்கு உண்டு.

சாப்பாடு தயார் என்று சைகை காட்டுகிறார்கள்.