மூக்கைத் தொட்டால் போதுமா?

(புனே உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எனக்கு வயது 71. பூணூல் போட்ட நாள் முதல் சந்தியாவந்தனம் செய்து வருகிறேன். பேரனுக்கு உபநயனம் ஆன மறுநாள், பக்கத்தில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தவன், "தாத்தா, மூக்கைத் தொட்டேள், மந்திரம் சொன்னேள், மூச்சை இழுக்கவே இல்லையே?" என்று கேட்டான். அறுபது வருஷமாக நான் செய்தது பிராணாயாமம் அல்ல, மூக்கைத் தொடுவது மட்டுமே என்று அன்றுதான் உறைத்தது.

வெட்கத்தில் புஸ்தகங்களைப் புரட்டினேன். திருமூலர், இடது நாசியால் 16 மாத்திரை இழுத்து, 64 நிறுத்தி, 32-ல் விடச் சொல்கிறார். ஸ்வாத்மாராமரின் ஹடயோக பிரதீபிகை, இடமும் வலமும் மாற்றி மாற்றிச் செய்யச் சொல்கிறது. குரு இல்லாமல் நானே 64 எண்ண ஆரம்பித்தேன். அதோடு நிற்கவில்லை. இனி மூச்சே மருந்து என்று ரத்த அழுத்த மாத்திரையையும் நிறுத்தினேன். பத்தாம் நாள் காலை பூஜை அறையிலேயே தலைசுற்றிச் சாய்ந்தேன். டாக்டர் பார்த்தபோது அழுத்தம் 190. என் ஆத்துக்காரி அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

டாக்டர் பிராணாயாமத்தை விடச் சொல்லவில்லை. "மாத்திரையை விடாதீர்கள், மூச்சை அடக்காதீர்கள்" என்றார். பிறகுதான் ஓர் ஆசிரியரிடம் முறையாகக் கற்றேன். அதைச் சொல்கிறேன்.

வெறும் வயிற்றில், முதுகை நிமிர்த்தி உட்காருங்கள். வலது கையில் ஆள்காட்டி விரலையும் நடு விரலையும் மடக்குங்கள். கட்டைவிரலால் வலது நாசியை மூடி, இடதால் நாலு எண்ணும் வரை இழுங்கள். மோதிர விரலால் இடதை மூடி, வலதால் எட்டு எண்ணி விடுங்கள். வலதாலேயே இழுத்து, இடதால் விடுங்கள். இது ஒரு சுற்று. ஐந்து சுற்றில் ஆரம்பித்தால் போதும். சளி பிடித்து மூக்கு அடைத்திருந்தால் அன்று விட்டுவிடுங்கள். ரத்த அழுத்தம், இருதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கும்பகம் செய்யவே வேண்டாம்.

இதில் விஞ்ஞானமும் உண்டு. நம் இரண்டு நாசிகளும் எப்போதும் சமமாகத் திறந்திருப்பதில்லை. சில மணி நேரத்துக்கு ஒரு முறை ஒன்று தளர்ந்து மற்றது அடைபடும். இதை 1895-ல் கைசர் என்ற ஜெர்மானிய மருத்துவர் எழுதினார். நம் பெரியவர்கள் இதையே சந்திர கலை, சூரிய கலை என்றார்கள். இங்கே பக்கத்தில் லோனாவாலாவில் ஸ்வாமி குவலயானந்தா 1924-ல் கைவல்யதாமத்தை நிறுவி, யோகத்தை ஆய்வுக்கூடத்தில் சோதிக்க வழி செய்தார்.

நீங்களே ஒன்று செய்து பாருங்கள். மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூச்சை விடுங்கள். விடும்போது நாடி சற்று நிதானப்படுவது பலருக்கும் கையிலேயே தெரியும். வெளிமூச்சை நீட்டினால் மனம் ஏன் அடங்குகிறது என்பதற்கு அதுவே பதில்.

இன்று என் அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது, மாத்திரையோடுதான். ஆனால் தூக்கம் நன்றாக வருகிறது, கோபம் குறைந்திருக்கிறது. இதற்கு ஆத்தில் சாட்சி உண்டு! சாயங்காலம் பேரனும் நானும் சேர்ந்து உட்காருகிறோம். எண்ணுவது அவன், மூச்சு விடுவது நான்.

நாளைக் காலை மூக்கைத் தொடும்போது, தயவுசெய்து மூச்சையும் நினைத்துக்கொள்ளுங்கள்.