எண்ணப்படாத நாட்கள்
(கோபிநத்தத்தில் நடந்த மகளிர் கூட்டத்தில் நம் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



வெளியுலகத்துக்கு நம் கோபிநத்தம் வீரப்பன் பிறந்த ஊர், அவ்வளவுதான். காடும் துப்பாக்கியுமாகப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். இங்கிருந்து கூலிக்குப் போகும் பெண்ணின் உடம்பைப் பற்றி எழுதியவர் அரிது. நாமே அதை வாய்விட்டுப் பேசுவதில்லை என்பதும் உண்மை.

வீட்டுக்குத் தூரமாகும் மூன்று நாளை எல்லோரும் எண்ணுகிறோம். அதற்கு முந்தைய ஐந்து நாள், ஏழு நாள், சிலருக்குப் பத்து நாள், அதை யார் எண்ணுகிறார்கள்? மார்பு கனக்கிறது, வயிறு உப்புகிறது, தலை பிளக்கிறது, தூக்கம் போகிறது, காரணமில்லாமல் அழுகை முட்டுகிறது. பிள்ளை சொம்பைத் தட்டிவிட்டால் கை ஓங்கிவிடுகிறது. பிறகு அந்தப் பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுகிறோம். விலக்கு வந்த ஓரிரு நாளில் எல்லாம் வடிந்துவிடும். அடுத்த மாதம் மறுபடியும் வரும். வீட்டில் இதற்கு வைத்திருக்கும் பெயர் திமிர், கிறுக்கு. சில வீடுகளில் காத்துக் கருப்பு என்று மந்திரிக்கவே கூட்டிப் போகிறார்கள்.

இது திமிரல்ல. 1931லேயே அமெரிக்க மருத்துவர் ராபர்ட் பிராங்க் இதை எழுதினார். 1953ல் இங்கிலாந்தில் கேத்தரினா டால்டனும் ரேமண்ட் கிரீனும் இதைத் தனி நோயாகவே குறித்தார்கள். கருமுட்டை வெளிப்பட்டபின் சுரப்புநீர்கள் ஏறி இறங்குவது எல்லாப் பெண்களுக்கும் உள்ளதுதான். சிலருடைய மூளைக்கு அந்த ஏற்ற இறக்கம் தாங்குவதில்லை. நூறு பேரில் ஒரு சிலருக்கு உயிரே வேண்டாம் என்று தோன்றும் அளவுக்கு அது முற்றுகிறது. அதை "எல்லாப் பொம்பளைக்கும் உள்ளதுதானே" என்று மாமியார் சொன்னாலும் தவறு, மேஸ்திரி சொன்னாலும் தவறு.

சட்டம் என்ன சொல்கிறது? கர்நாடக அரசு 2025ல் மாதம் ஒரு நாள், ஆண்டுக்கு 12 நாள், சம்பளத்தோடு மாதவிலக்கு விடுப்பு என்று ஆணை போட்டது. 18 முதல் 52 வயது வரை. மருத்துவர் சீட்டு தேவையில்லை. தொழிற்சாலை, கடை, தோட்டம், பீடி, மோட்டார்த் தொழில் அதில் வந்தன. நல்ல காரியம்தான். பீகாரில் அரசு ஊழியப் பெண்களுக்கு 1992லேயே மாதம் இரண்டு நாள் கிடைத்தது. ஆனால் கட்டடத்தில் சித்தாளாகவும் செங்கல் சூளையிலும் வீட்டு வேலையிலும் நிற்கும் நம் பெண்கள் எந்தப் பதிவேட்டில் இருக்கிறார்கள்? வராத நாளுக்குக் கூலி இல்லை, அதுதான் நமக்குத் தெரிந்த ஒரே சட்டம். விடுப்பு கிடைத்தவளுக்கும் அது இரத்தம் கண்ட நாளுக்கு என்றுதான் கணக்கு. முந்தைய வாரம் அங்கேயும் எண்ணப்படவில்லை.

ஓய்வு கொடுக்காத இடத்தில் மாத்திரை கொடுப்பார்கள். தமிழ்நாட்டு ஆயத்த ஆடை ஆலைகளில் வலி என்று சொன்ன பெண்களுக்குப் பெயர் அச்சிடாத மாத்திரைகளைக் கொடுத்து இயந்திரத்தின் முன் உட்காரவைத்த சேதி 2019ல் வெளிவந்தது. எந்த மாத்திரை என்று தெரியாமல் விழுங்காதீர்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போனாலும் நமக்கு ஒரு சங்கடம். "ஹொட்டே நோவு" என்று வயிற்றுவலியைச் சொல்லிவிடுகிறோம். மனசு கனக்கிறது என்பதைச் சொல்லக் கன்னடம் வருவதில்லை. டாக்டரும் வயிற்றுவலிக்கு மருந்து எழுதிவிடுகிறார். ஆகையால் சுவரில் தொங்கும் காலண்டரைப் பயன்படுத்துங்கள். பால் கணக்குப் போடும் அதே காலண்டரில் அழுகை வந்த நாளுக்கு ஒரு கோடு, தலைவலிக்கு ஒரு புள்ளி, விலக்கான நாளுக்கு ஒரு வட்டம். இரண்டு மாதம் போட்டால் போதும். வட்டத்துக்கு முன்னால் கோடுகள் கூடி, பின்னால் மறைந்தால் எந்த மொழி டாக்டருக்கும் புரியும். மருந்து உண்டு, மனச்சோர்வுக்குத் தரும் சில மாத்திரைகளை அந்த நாட்களில் மட்டும் தந்தே பலருக்குக் குணம் கண்டிருக்கிறது. டாக்டர் சொல்லித்தான் எடுக்க வேண்டும். சுண்ணாம்புச் சத்தும் சிலருக்கு உபாதையைக் குறைக்கிறது. ராகிக் களி தின்னும் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை.

பின்னால் நிற்கும் ஆண்களுக்கு ஒரு வேலை: அந்தக் காலண்டரை நீங்களும் பாருங்கள், கோடு விழும் நாளில் தண்ணீர்க் குடத்தை நீங்கள் தூக்குங்கள். சித்தாளுக்கும் வீட்டு வேலைக்காரிக்கும் கூலியோடு விடுப்பு வேண்டும் என்ற மனு இங்கே மேசைமேல் இருக்கிறது. கையெழுத்தோ கைநாட்டோ, போட்டுவிட்டுப் போங்கள்.