தூக்கியும் தாங்கியும்

கொல்கத்தாவில் லேக் மார்க்கெட்டை ஒட்டிய தெருக்களில் நடப்பவர்க்குக் காப்பிக்கொட்டையின் மணமும் வாழையிலைக் கட்டும் ஊர் நினைவைக் கொண்டுவந்துவிடும். அத்தெருக்களில் ஒன்றில், ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில், எண்ணெய்க் கறை படிந்த பழைய வேட்டியுடன் ஒரு மோட்டார் வண்டியின் அருகே நாம் குந்தியிருப்பதைக் காணலாம். வண்டி ஓர் அம்பாஸடர். இந்நகருக்கு அடுத்த உத்தர்பாராவில் பிறந்தது. அங்கே அதன் உற்பத்தி 2014-ஆம் ஆண்டில் நின்றுபோயிற்று. கலைப் பட்டம் பெற்று மொழிபெயர்ப்பால் பிழைக்கும் நமக்கு இயந்திர வேலை எவ்வாறு வந்தது என்று கேட்பீர்கள். ஊர்விட்டு ஊர் வந்தவனுக்கு விடுமுறை நாள் மிக நீளமானது. பெரியப்பா வீடு, அத்தை வீடு என்று போய் உட்கார இடமில்லை. வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

வண்டியைத் தானே பழுது பார்க்க முற்படுபவர் ஸ்பானர் பிடிப்பதற்கு முன் கற்க வேண்டியது, அதை நிலத்திலிருந்து உயர்த்தும் முறையை. இதனை நாம் கற்றது ஓர் ஆவணி மாதத்தில். பின்பக்கத்து இடச் சக்கரத்தைக் கழற்றிப் பிரேக்கைப் பார்க்கவேண்டியிருந்தது. மழையில் ஊறிய மண்ணில் ஒரு செங்கல்லை வைத்து, அதன்மேல் ஜாக்கியை நிறுத்தி, வண்டியை உயர்த்தினோம். கழற்றிய சக்கரத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, தலையையும் தோளையும் வண்டிக்கடியில் நுழைத்து வேலையில் ஆழ்ந்தோம். எதிர்க் கொட்டகை மிஸ்திரி அவ்வழியே வந்தவர், நம்மை வெளியே வரச் சொன்னார். சக்கரத்தை உருட்டிவந்து வண்டியின் உடலுக்கடியில் படுக்கவைத்தார். "தாதா, ஜாக்கி தூக்கும், தாங்காது" என்று வங்காளியில் சொல்லிவிட்டுப் போனார். தாதா என்றால் அண்ணன். வயதில் அவர் நமக்கு மூத்தவர் என்பது வேறு செய்தி.

மிதமிஞ்சிய எச்சரிக்கை என்றெண்ணிக் காப்பி அருந்தச் சென்றோம். திரும்பி வந்தபோது செங்கல் இரண்டாகப் பிளந்திருந்தது. ஜாக்கி சாய்ந்து கிடந்தது. வண்டி அந்தச் சக்கரத்தின்மேல் அமர்ந்திருந்தது. கால் மணி நேரத்துக்கு முன் அவ்விடத்தில் இருந்தது நமது தலை. வீட்டில் இதைப்பற்றி அன்று வாய் திறக்கவில்லை.

மிஸ்திரியின் சொல் தொழில் காரணமாகவும் நம்மைப் பற்றிக்கொண்டது. ஜாக்கியைத் தமிழில் 'தூக்கி' எனலாம். அதன் பக்கத்தில் வைக்கும் இரும்பு ஸ்டாண்டைத் 'தாங்கி' எனலாம். தமிழ்நாட்டுச் சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல்லைப் பார்த்திருப்பீர்கள். கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக அதை நாட்டும் வழக்கம் உண்டு. இரு கற்கள் நின்றிருக்க, ஒரு கல் மேலே படுத்திருக்கும். அசையும் உறுப்பு எதுவும் இல்லை. வண்டிக்குரிய தாங்கியும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. அகன்ற கால்கள், உயரத்தை நிறுத்த ஓர் ஊசி அல்லது பல், அவ்வளவுதான். எண்ணெய் ஜாக்கியோ, சிறிய உருளையிலிருந்து பெரிய உருளைக்கு எண்ணெயை அழுத்தி எடையை உயர்த்துவது. அவ்வெண்ணெயைத் தடுத்து நிற்பது ஒரு சிறு வளையம். அது தேய்ந்தால் வண்டி இறங்கும். மெல்லவும் இறங்கலாம், திடீரென்றும் இறங்கலாம். திருகு ஜாக்கியில் எண்ணெய் கசியாது. ஆனால் அடி குறுகியதாகையால் சாய்ந்துவிடும்.

ஆகவே சமதளத்தைத் தேடுங்கள். சித்திரை வெயிலில் தார்ச்சாலை இளகும். அப்போது தடித்த பலகையை அடியில் இடுங்கள். சக்கரத் திருகுகளை, வண்டி தரையில் நிற்கும்போதே சற்றுத் தளர்த்திக்கொள்ளுங்கள். பிறகு, மாட்டுவண்டிக்காரர் மேட்டில் செய்வதுபோல், தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். கியரில் போட்டிருக்கிறோமே என்ற தைரியம் இங்கே உதவாது. அம்பாஸடரைப்போல் பின்சக்கரங்களால் ஓடும் வண்டியில், ஒரு பின்சக்கரம் தரையைவிட்டு எழுந்தவுடன் நடுவிலுள்ள பற்சக்கரப் பெட்டி அதைத் தனியே சுழலவிடும்; எஞ்சினின் பிடி மற்றச் சக்கரத்துக்குச் செல்லாது. வண்டி நகர்ந்துவிடும். உயர்த்தியபின் அச்சுக்கடியில் தாங்கியை வைத்து, எடையை அதன்மேல் இறக்கி, வெளியே நின்று வண்டியைக் கையால் தள்ளிப் பாருங்கள். அசைந்தால் அடியில் நுழையாதீர்கள்.

எஞ்சினையே வெளியே எடுப்பவர்க்குச் சங்கிலிக் கப்பி வேண்டும். கைச் சங்கிலியைப் பல அடி இழுத்தால் சுமை ஒரு விரலளவு ஏறும். கையை விட்டாலும் உள்ளேயிருக்கும் தடை அதைப் பிடித்துக்கொள்ளும். கப்பி நல்ல கருவி. அதைத் தொங்கவிடும் இடத்தில்தான் நம்மவர் தவறுகிறார்கள். சன்னலின் மேலுள்ள சிமெண்டுப் பலகையும் மாமரக் கிளையும் இதற்காக ஏற்பட்டவை அல்ல. இரும்புக் குழாய் முக்காலி தக்கது. கால்கள் விரியாதவாறு அடியில் சங்கிலியால் பிணைக்க வேண்டும். எஞ்சினை இரு கயிறுகளால் கட்டும்போது கயிறு குட்டையாக இருந்தால் கோணம் படுத்துவிடும். 150 கிலோ எஞ்சினை, தரைக்கு 30 பாகைச் சாய்வில் இரு கயிறுகள் தாங்கினால், ஒவ்வொன்றின்மேலும் முழு 150 கிலோவும் விழும். 60 பாகையில் அது 87 கிலோவாகக் குறையும். கயிறு நீளமாயிருக்கட்டும். மல்லிக் பஜாரில் பழைய கருவி வாங்குவோர் பொறித்திருக்கும் டன் அளவையும் பற்றவைப்பில் விரிசலையும் பார்த்தே வாங்க வேண்டும்.

வேற்று மொழி வழங்கும் ஊரில் வாழும் நமக்கு இன்னொன்றும் உண்டு. சங்கிலியைப் பிடித்திருப்பவர் வங்காளி. அடியில் கை வைத்திருப்பவர் தமிழர். வங்காளியில் 'நாமாவோ' என்றால் இறக்கு. 'தாமாவோ' என்றால் நிறுத்து. முதலெழுத்தில் மட்டுமே வேறுபாடு. கூச்சலிடும்போது அதுவும் கேட்காது. மொழிகளுக்கிடையே வாழும் நாமே ஒருமுறை இறக்கென்று கேட்டு நிறுத்தினோம். எதிர்மாறாக நேர்ந்திருந்தால் விரல் போயிருக்கும். இப்போது உள்ளங்கையை உயர்த்தினால் நிறுத்தம், சொல்லே கிடையாது. பிள்ளைகள் வாசற்படிக்கு அப்பால் வருவதும் கிடையாது.

சென்ற ஞாயிறன்று வண்டி இரு தாங்கிகள்மேல் நின்றது. மிஸ்திரி வந்தார், ஒன்றும் பேசாமல் ஒரு கையால் தள்ளிப் பார்த்தார். பிறகுதான் காப்பிக்கு உட்கார்ந்தார்.