பூங்காவும் ஒரு பேரேடுதான்

(நம் சங்கத்தின் கோடைச் சுற்றுலாவில், அவலாஞ்சியில் பேசியதன் எழுத்து வடிவம்)



நேற்று ஊட்டி அரசு தாவரவியல் பூங்காவில் எல்லோரும் ஆசைதீரப் படம் எடுத்துக்கொண்டோம். அதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொன்னார் செயலாளர். நான் தாவரவியல் படித்தவன் அல்ல. பி.காம். முடித்து, முப்பத்து நான்கு வருடம் வங்கியில் கணக்கு எழுதியவன். எனவே கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

அந்தப் பூங்காவின் ஆரம்பமும் நம் சங்கம் மாதிரி மாதச் சந்தாதான். 1845-இல் ஊட்டியிலிருந்த ஐரோப்பியர்கள், நியாய விலையில் காய்கறி கிடைக்கட்டும் என்று மாதம் 3 ரூபாய் போட்டுத் தோட்டம் வைத்தார்கள். அது நிலைக்கவில்லை. பிறகு பொதுத் தோட்டம் அமைக்க முடிவாகி, 1848-இல் லண்டன் கியூ தோட்டத்தில் பயிற்சி பெற்ற மெக்ஐவர் வந்தார். மலைச்சரிவைச் சீர்திருத்திப் பூங்காவாக்க ஏறத்தாழ பத்து வருடம் பிடித்தது.

சாதாரணப் பூங்கா, பார்த்து மகிழ. தாவரவியல் பூங்காவுக்கு அதற்குமேல் வேலை உண்டு. இத்தாலியின் பாதுவா நகரில் 1545-இல் தோட்டம் வைத்தது, மருத்துவ மாணவர்கள் மூலிகைகளைச் சரியாக அடையாளம் காண. கல்கத்தாவில் 1787-இல் கிழக்கிந்தியக் கம்பெனி வைத்தது, லாபம் தரும் பயிர்களைச் சோதித்துப் பார்க்க. நம் மெக்ஐவர் 1860-களில் தென் அமெரிக்காவின் சின்கோனாவை நீலகிரியில் வளர்த்துக் காட்டினார். அதன் பட்டையில் கிடைப்பதுதான் மலேரியா மருந்தான குயினைன். நடுவட்டத்தில் அதற்குத் தொழிற்சாலையும் வந்தது.

இதற்கெல்லாம் அடிப்படை பதிவு. என்ன செடி, எங்கிருந்து வந்தது, எப்போது நட்டது என்று குறித்து வைப்பார்கள். வங்கிப் பேரேடு போலத்தான்.

பேரேட்டில் வரவு மட்டும் இருக்காது, பற்றும் உண்டு. அந்தப் பற்றைப் பார்க்கத்தான் இன்று அவலாஞ்சி வந்தோம் என்று சொல்லலாம். வரும் வழியில் பார்த்த சீகை மரங்கள் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை. விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் உதவும் என்று நட்டார்கள். அவை தானாகப் பரவி மலைப் புல்வெளியை விழுங்கிவிட்டன. சோலைக்காடும் புல்வெளியும் சேர்ந்து மழைநீரைப் பிடித்து வைத்து, ஓடையில் கொஞ்சம் கொஞ்சமாக விடுபவை. இப்போது வனத்துறை சீகையை அகற்றிப் புல்வெளியை மீட்கப் பாடுபடுகிறது. அந்நாளில் லாபம் என்று எழுதியதற்கு நாம் வட்டி கட்டுகிறோம். அதனால்தான் இன்று உலகெங்கும் தாவரவியல் பூங்காக்கள், அந்தந்த மண்ணின் அரிய செடிகளைக் காப்பதை முக்கிய வேலையாக எடுத்திருக்கின்றன.

கடைசியாக நம் வீட்டு விஷயம். பி பிளாக் பின்புறக் காலியிடத்தில் கார் நிறுத்த டைல்ஸ் போடும் தீர்மானம் அடுத்த பொதுக்குழுவுக்கு வருகிறது. கார் நிறுத்த இடம் இல்லாத கஷ்டம் எனக்கும் தெரியும். ஆனாலும் பாதி இடத்தை மண்ணாகவே விடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அங்கே ஒரு புங்கமும் இரண்டு வேம்பும் நிற்கின்றன. நொச்சி, ஆடாதோடை, துளசி வைக்கலாம். ஒவ்வொன்றுக்கும் குழந்தைகள் கையால் பெயர்ப்பலகை எழுதட்டும். பெயர் தெரியாத மரத்தை வெட்டினால் கேட்க ஆள் இருக்காது. பெயர் எழுதிவிட்டால் பத்துப் பேர் கேட்பார்கள்.

அந்தப் பதிவேட்டை எழுதும் பொறுப்பைச் சம்பளமில்லாமல் நான் ஏற்றுக்கொள்கிறேன்.